மூடுபனி விலகுவதற்குள் ஒரு நீர்வண்ணப் படம்

காலை ஏழு மணிக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் சுண்ணாம்பு மலைகள் இருக்காது. மலை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான். ஏழே முக்காலுக்கு ஒரு விளிம்பு தெரியும், அதற்குக் கீழே செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத் தலைகள் சாம்பல் நிறத்தில் மிதக்கும். எட்டரைக்கு முழு மலையும் வந்து நின்றுவிடும், அப்புறம் வெயில்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டும் என்பதால்தான் பென்சிலையும் அழிப்பானையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரப் பழகினேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமைகளில் பசியாறிவிட்டு ஐந்தாறு பேர் என் வீட்டு முன்வாசலுக்கு வரைய வருவார்கள். லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி. எல்லாரும் முதல் நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டீச்சர், உள்ளுணர்வ நம்பி வரைங்கன்னு சொல்றீங்க. எனக்கு அப்படி ஒன்னு இருக்கிற மாதிரியே தெரியலையே?"

அவர்களுக்கு நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். அம்மா முப்பத்தோரு வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினார். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும், அதனால் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசைக்குள், நெரைக்குள், இறங்கிவிடுவார். ஒரு தடவை சீவுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழுந்து, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மேலாகப் போனால் பால் வராது. இருட்டில் அந்த அளவு எப்படித் தெரிகிறது என்று சின்ன வயதில் கேட்டேன். "மேல்பட்டை நறநறன்னு இருக்கும். உள்ள போகப் போக வழுக்கும். ரொம்ப வழுக்குறதுக்கு முன்னாடி நிறுத்திடணும்" என்றார்.

உள்ளுணர்வு என்று நான் சொல்வது இதைத்தான். ஆயிரக்கணக்கான மரத்தைத் தொட்ட கை, யோசிக்காமல் நின்றுவிடும் இடம் அது. அது பிறவியில் வருவதில்லை, சேர்ந்து வருவது. உங்களிடம் ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது. குழம்புக்கு உப்பு அள்ளிப் போடுகிறீர்கள், மோட்டார் சைக்கிளில் மழைக்கு முன் வீடு சேர முடியுமா என்று வானத்தைப் பார்த்தே சொல்கிறீர்கள். அதே கணக்கை ஈரத் தாளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாளும் வண்ணமும்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்ணம் மலிவாக இருக்கலாம், பிரஷ் மலிவாக இருக்கலாம், தாள் முழுக்கப் பருத்தியாக, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், லேசான சொரசொரப்போடு இருக்க வேண்டும். கடையில் 'கோல்ட் பிரஸ்ட்' (cold pressed) என்று கேளுங்கள். பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். நீங்கள் வேலை செய்ய நேரம் கொடுக்கும். மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலேயே நின்று திட்டுத் திட்டாகக் காயும். அதில் வரைந்துவிட்டுத் தன் கையைக் குறை சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஆர்ச்சஸ் தாள் அருமையானது, ஆனால் விலை அதிகம். பயிற்சிக்குச் சீனாவிலிருந்து வரும் பாவோஹாங் பருத்தித் தாள் போதும். 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத் தாளை எட்டாக வெட்டினால் 28க்கு 19 அளவில் எட்டுத் துண்டு வரும். சின்னத் துண்டு என்றால் பயமும் சின்னதாகிவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நல்ல தாள்களில் வண்ணம் சட்டென்று உறிஞ்சப்படாமல் இருக்க ஜெலட்டின் போன்ற பசை ஊட்டியிருப்பார்கள். நம் காற்றின் ஈரத்தில் அந்தப் பசை கெட்டுப்போகும். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கட்டு வாங்கி இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். எடுத்து வானம் பூசினால், அங்கங்கே மை ஒற்றும் தாள் மாதிரி வண்ணத்தைக் குடித்துக் கருந்திட்டு விழுந்தது. ஒரு தாள்கூடத் தேறவில்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்.

வண்ணம் ஐந்து: அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா, ஹான்சா மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ். பச்சை டியூப் வேண்டாம். அல்ட்ராமரினில் மஞ்சள் கலந்தால் மங்கலான, கனத்த பச்சை வரும். அது முற்றிய செம்பனை ஓலை. தாலோ நீலத்தில் மஞ்சள் கலந்தால் பளீரென்ற பச்சை, மழைக்குப் பிறகு சாலையோரப் புல். பர்ன்ட் சியன்னா அப்படியே நம் தோட்டத்துச் செம்மண் சாலை. அதையே அல்ட்ராமரினோடு சேர்த்தால், விகிதத்தைப் பொறுத்து, மூடுபனிச் சாம்பலிலிருந்து மழைமேகக் கருப்பு வரை எல்லாம் கிடைக்கும். இந்த ஒரு சேர்க்கையை மட்டும் ஒரு வாரம் கலந்து கலந்து பாருங்கள். கண்ணை மூடினாலும் கை கலக்கும் அளவுக்கு வர வேண்டும்.

பிரஷுக்குச் சீனர் எழுதுபொருள் கடைக்குப் போங்கள். எழுத்துக்கலைக்கு விற்கும் தடித்த பிரஷ் ஒன்று, ஆட்டுமுடியில் செய்த தட்டையான பிரஷ் ஒன்று. இரண்டும் தண்ணீரை வயிறு நிறையப் பிடிக்கும், தடித்ததன் நுனி கூராக நிற்கும். கூடவே காலாவதியான ஒரு வங்கி அட்டை, ஒரு பழைய துவாலை.

தண்ணீர் தொடுவதற்கு முன்

கையை நம்புவது என்றால் எதையும் யோசிக்காமல் பூசுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யோசிக்க வேண்டியதை எல்லாம் தாள் காய்ந்திருக்கும்போதே யோசித்துவிட வேண்டும். நான் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்வேன். எதை வெள்ளையாக விடப் போகிறேன்? எது எல்லாவற்றையும்விட இருட்டு?

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலை, ஓடு, மின்கம்பி எல்லாம் மறைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுதான் மிஞ்சும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். தோட்டத்துப் பழைய லயத்து வீட்டுத் தகரக் கூரையில் விழும் வெயிலை விட்டுவைக்க வேண்டுமானால், தாளை நனைக்கும்போதே அந்த இடத்தை நனைக்காமல் விடுங்கள். ஈரம் போகாத இடத்துக்கு வண்ணமும் போகாது. அதை மறைக்க நாடா ஒட்ட வேண்டாம், பசை பூச வேண்டாம்.

தாளைப் பொருத்திய பலகையின் மேல் விளிம்புக்கு அடியில் துவாலையைச் சுருட்டி வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். அம்மா மரத்தில் போட்ட கோடு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் இறங்கும், ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வு. அந்தச் சாய்வுதான் பாலை, அது சேரும் மங்குக்கு (கிண்ணத்துக்கு), கொண்டுபோகும். பலகைக்கு அதில் பாதி போதும். தட்டையாக வைத்தால் தண்ணீருக்குப் போகத் திசை தெரியாமல் குளம் கட்டிவிடும்.

ஈரத்தைப் படிப்பது

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். நீர்வண்ணத்தில் கைக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் இதுதான்.

நனைத்த தாளைப் பக்கவாட்டில், வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணாடி போலப் பளபளக்கும். அப்போது வண்ணம் வைத்தால் எங்கு வேண்டுமானாலும் ஓடும். வானத்துக்கும் மூடுபனிக்கும் இது நல்ல நேரம். அப்புறம் பளபளப்பு குறைந்து பட்டுத்துணி போல ஒரு மினுமினுப்பு மட்டும் நிற்கும். இப்போது வைக்கிற வண்ணம் கொஞ்சம் பரவி நின்றுவிடும். தூரத்து மரம், மலையின் விளிம்பு எல்லாம் இந்த நேரத்துக்கானவை. அடுத்து மினுமினுப்பும் போய்விடும், பார்த்தால் காய்ந்தது போல இருக்கும். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்தான். இந்த நேரத்தில் தாளைத் தொடாதீர்கள். படங்கள் பெரும்பாலும் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். பாதி காய்ந்த இடத்தில் நிறையத் தண்ணீரோடு பிரஷ் பட்டால், அந்தத் தண்ணீர் காய்ந்த பக்கம் நோக்கி ஓடி, வழியில் இருக்கும் வண்ணத்துகளையும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கறை நிற்கும். அதனால் ஒரு விதி மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்: தாள் காயக் காய, பிரஷிலும் தண்ணீர் குறைய வேண்டும்.

"ஐந்து நிமிடம் காத்திருங்கள்" என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வதை இங்கே நம்பாதீர்கள். அவர்கள் காற்று வேறு. மழை பெய்த மறுநாள் காலையில் என் முன்வாசலில் தாள் காய இருபது நிமிடம்கூட ஆகும். அதே தாள் மத்தியானம் விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மினுமினுப்பைப் பாருங்கள்.

இதைப் பழக ஒரு வேலை இருக்கிறது. ஒரு துண்டு முழுவதும் சாம்பல் பூசுங்கள். உடனே ஒரு கோடு இழுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பக்கத்தில் ஒரு கோடு, அப்புறம் இன்னொன்று, காயும் வரை. ஒவ்வொரு கோடும் வேறு மாதிரி பரவியிருக்கும். பத்துக் கோடு போட்ட தாளைச் சுவரில் ஒட்டுங்கள். மருந்துக்கடைப் பெண் இதை நான்கு வாரம் செய்தார், வேறு எதுவும் வரையவில்லை. ஐந்தாவது வாரம் அவர் வரைந்த மேகத்தைப் பார்த்து எல்லாரும் எழுந்து வந்து நின்றோம்.

மலை

சரி, இப்போது மலை. ஈப்போவிலிருந்து வடக்கே எங்கள் பக்கம் வரும்போது, சாலையிலிருந்தே சுவர் மாதிரி எழும்பி நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு செங்குத்து, வெள்ளை, அதில் மேலிருந்து கீழாகக் கருப்பும் துருப்பிடித்த மஞ்சளுமாகக் கோடுகள், தலையில் புதர்க்காடு. அந்தக் கோடுகளை மழைத் தண்ணீர் வரைந்தது. லேசான புளிப்புள்ள மழைநீர் கல்லைக் கரைத்து இறங்கும், இரும்புச் சத்து மஞ்சளாகப் படியும், ஈரம் நிற்கும் வழியில் பாசி கருக்கும்.

இதை ஒவ்வொரு கோடாக வரைந்தால் சுவர் விரிசல் மாதிரிதான் இருக்கும். நானும் நிறைய நாள் அப்படித்தான் வரைந்தேன். ஒரு நாள் மலைத்தலையில் வைத்த பச்சை, பலகைச் சாய்வில் தானாக வழிந்து முகப்பில் இறங்கியது. துடைக்கக் கையெடுத்தவள் நின்றுவிட்டேன். தாளில் தண்ணீர் செய்துகொண்டிருந்தது, மலையில் தண்ணீர் செய்த அதே வேலைதான்.

இப்படிச் செய்யுங்கள். வானத்தையும் மலையையும் சேர்த்தே நனையுங்கள். வானத்தில் மிக லேசான சாம்பல். பட்டு மினுமினுப்பு வந்ததும் மலைத்தலையில் அல்ட்ராமரினும் மஞ்சளும் கலந்த கனத்த பச்சையை நான்கைந்து இடத்தில் வையுங்கள், இடையில் பர்ன்ட் சியன்னா இரண்டு சொட்டு. பலகையைக் கையில் தூக்கி நேராக நிறுத்துங்கள். வண்ணம் இறங்கத் தொடங்கும். எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கே தோன்றும். அந்த நேரம் படுக்க வையுங்கள். முகப்பில் முக்கால் பங்கு வெள்ளை மிஞ்ச வேண்டும். மலை அடிவாரத்தில் பிரஷைத் துடைத்துவிட்டு ஈரமாக மட்டும் ஒரு தடவை இழுத்தால், அங்கே வண்ணம் கரைந்து மூடுபனி நிற்கும். பளபளப்பு போய் ஈரம் மட்டும் இருக்கும்போது வங்கி அட்டையின் ஓரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் வெளிச்சக் கோடு கிடைக்கும். அந்த நேரத்தில் தண்ணீர்தான் ஆகாது, காய்ந்த அட்டை ஆகும். ரொம்ப ஈரத்தில் இழுத்தால் கீறிய பள்ளத்தில் வண்ணம் புகுந்து கோடு இருண்டுவிடும். அதுவும் சில சமயம் மலைக்கு நன்றாகவே பொருந்தும்.

காய்ந்ததும் நிறம் வெளுத்துவிடும், எப்போதும். அதனால் வைக்கும்போதே மனது கூசும் அளவுக்குக் கொஞ்சம் அழுத்தமாக வையுங்கள்.

மரங்கள்

செம்பனைக்குத் தென்னை மாதிரி ஒல்லித் தண்டு போடாதீர்கள். அதன் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும், வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டையில் பெரணி முளைத்திருக்கும். பிரஷைத் துவாலையில் ஒற்றி, முடியை விரித்து, நடுவிலிருந்து வெளியே இழுத்துத் தூக்குங்கள். முன்னால் நிற்கும் ஒரு மரத்துக்கு ஐந்து ஓலை. பின்னால் இருப்பவை வெறும் சாம்பல் பொட்டுகள். நெரையை எண்ணத் தொடங்கினால் படம் தோட்டத்து வரைபடம் ஆகிவிடும்.

பால்மரம் இப்போது எங்கள் பக்கம் குறைந்துவிட்டது, பெரும்பாலும் செம்பனைதான். பால்மரம் வரைய வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச்சில் தேடிப் போங்கள். இலை சிவந்து உதிரும், பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து வரும். போன வருடம் ரோஸும் பர்ன்ட் சியன்னாவும் ஈரத்தில் ஏழெட்டு இடத்தில் தொட்டுவிட்டு, கீழே வெளிறிய சாம்பலில் ஆறு தண்டு இழுத்தேன். ஒரு இலைகூட இலையாக இல்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "மாசி மாசம். இந்த மாசம் பால் கொறையும், சம்பளமும் கம்மி" என்றார்.

குவாலா கங்சாருக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். 1877-இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் இன்னும் நிற்கிறது. நாங்கள் எல்லாரும் போய் அதன் முன்னால் உட்கார்ந்தோம். வரலாற்று மரம் என்றதும் எல்லாரும் மரியாதையாக ஒவ்வொரு சுருக்கத்தையும் வரையப் போய்ப் படம் இறுகிவிட்டது. பாட்டி மட்டும் மரத்தடி நிழலை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, மரத்தைத் தாளின் வெள்ளையிலேயே விட்டுவிட்டார். அந்தப் படம் என் சுவரில் இருக்கிறது.

எவ்வளவு விட்டுவிடலாம் என்பதைப் பார்க்க யோங் முன் சென்னின் நீர்வண்ணங்களைப் பாருங்கள். 1896-இல் கூச்சிங்கில் பிறந்து, பினாங்கில் புகைப்பட ஸ்டூடியோ நடத்திக்கொண்டே வரைந்து, 1962-இல் மறைந்தவர். சீனத் தூரிகைப் பழக்கம் அவர் கையில் தெரியும். கடற்கரை, தென்னை, மீனவர் குடிசை, எல்லாம் நம் வெளிச்சம், நம் ஈரம். குளிர்நாட்டு ஓவியர்களைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

கையைப் பழக்குவது

ஒரே காட்சியை ஒரே காலையில் மூன்று தடவை வரையுங்கள். முதல் தடவை இருபது நிமிடம், பார்த்துப் பார்த்து. இரண்டாவது பத்து நிமிடம். மூன்றாவதுக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மலைக்கு முதுகைக் காட்டி, ஐந்து நிமிடத்தில். மூன்றாவதில் மின்கம்பி இருக்காது, கடைசி வீட்டு வேலி இருக்காது. மனதில் தங்கியது மட்டும் வரும். லோரி அண்ணனுடைய மூன்றாவது படங்கள் எப்போதும் முதல் படத்தைவிட நன்றாக இருக்கும். "டீச்சர், இத நான் வரையலயே, தானா வந்துச்சு" என்பார். எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்த கை அது.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எனக்கு ஒரு அடையாளம் உண்டு. என்ன செய்வது என்று தெரியாமல் பிரஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டே நிற்கிறீர்கள் என்றால் படம் முடிந்துவிட்டது. பிரஷைக் கீழே வைத்துவிட்டுத் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கலக்கப் போங்கள். திரும்பி வரும்போது தாள் காய்ந்திருக்கும், கண்ணும் தெளிந்திருக்கும். அப்போது ஒரே ஒரு இருட்டு வைக்கலாம், முதலில் நீங்கள் முடிவு செய்த இடத்தில்.

பின்பக்கத்தில் நேரத்தையும், வானிலையையும், என்ன ஈரத்தில் எதைத் தொட்டீர்கள் என்பதையும் பென்சிலால் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட்டுவையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பரப்பிப் பார்த்தால் கை எங்கே தயங்குகிறது என்று தெரியும். நேற்றைய என் துண்டின் பின்னால் இப்படி இருக்கிறது: "7.50. ராத்திரி மழை. மலையின் கால் தெரியவில்லை. பச்சை வைக்கும்போது இன்னும் பளபளப்பு இருந்தது, அவசரம்."